டி.எஸ்.எச். ஏறினால் தைராய்டு ஏறியதாகுமா?

பாளையங்கோட்டையில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது மதினி ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார். ரத்தப் பரிசோதனை முடிவு. டி.எஸ்.எச். என்ற வரிக்கு எதிரே 11.2 என்று தடித்த எழுத்தில் அச்சாகி, பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி.

"தைராய்டு நிறையக் கூடியிருக்கிறது தம்பி. அதனால்தான் ஒரு வாரமாக மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொள்கிறேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குறைக்கக் கூடாத இடத்தில் குறைத்திருக்கிறார். ஆனால் அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. தாளில் அம்பு மேலே பார்க்கிறது. கூடியதைக் குறைப்பதுதானே வழக்கம்? பள்ளியில் இருபத்தைந்து ஆண்டுகள் உயிரியல் நடத்தியவன் நான். அண்ணன் வீட்டிலேயே இந்த நிலை என்றால் மற்ற வீடுகளில் என்ன நடக்கிறதோ என்று யோசித்ததில் எழுதத் தோன்றியது இது.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வோம். கல்யாண வீட்டிலும் பஸ்ஸிலும் "எனக்குத் தைராய்டு இருக்கிறது" என்று பலர் வருத்தமாகச் சொல்வதைக் கேட்கிறோம். தைராய்டு எல்லோருக்கும் இருக்கிறது. கழுத்தின் முன்பக்கம், மூச்சுக்குழாயை அணைத்தபடி, வளர்ந்தவர்களுக்கு ஏறக்குறைய 20 கிராம் எடையில் இருக்கும் சுரப்பி அது. கல்லீரல் இருக்கிறது என்று யாரும் துக்கப்படுவதில்லை. சுரப்பி கூடுதலாக வேலை செய்கிறதா, குறைவாகச் செய்கிறதா என்பதுதான் கேள்வி. அந்த வேலையை அது தன் விருப்பத்துக்குச் செய்வதில்லை, சொன்னால் செய்யும். சொல்வது யார், சுரப்பியின் செல்கள் அதை எப்படிக் கேட்கின்றன என்பது தெரிந்துவிட்டால் மதினியின் தாள் தானாகவே புரிந்துவிடும்.

ஆக்குப்புரை வாசலில் தாய்மாமா

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் சமையல் கொட்டகையை ஆக்குப்புரை என்போம், சமையல்காரரைத் தவசிப்பிள்ளை என்போம். முகூர்த்தம் முடிந்ததும் பெண்ணின் தாய்மாமா ஆக்குப்புரை வாசலுக்கு வந்து "பந்தி போடலாம்" என்கிறார். உள்ளே புகையும் சேறும். பட்டு வேட்டியோடு அவர் நுழையமாட்டார். வாசலில் இருக்கும் ஆள் அதைக் கேட்டு உள்பக்கம் திரும்பிக் கையசைக்கிறார். உள்ளே நிற்கும் ஒருவர் அதைப் பார்த்து இளவட்டங்களைக் கூப்பிடுகிறார். பத்துப் பையன்கள் திசைக்கு ஒருவராக ஓடித் தவசிப்பிள்ளைகளை உசுப்புகிறார்கள். ஒருவர் அப்பளத்தைப் பொரிக்கிறார், ஒருவர் சாம்பாரை வாளியில் மொள்கிறார். சற்று நேரத்தில் முந்நூறு இலை விழுந்துவிடுகிறது. தாய்மாமா சொன்னது இரண்டே சொல். ஒரு வாளியையும் அவர் தொடவில்லை.

செல்களுக்கு இடையே சேதி போவதும் பெரும்பாலும் இப்படித்தான். ஓரிடத்தில் சுரந்து ரத்தத்தில் கலந்து வேறோரிடத்தில் வேலை வாங்கும் வேதிப்பொருளுக்கு ஹார்மோன் என்று பெயர். டி.எஸ்.எச். அப்படி ஒரு ஹார்மோன். 'தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்' என்பதுதான் அதன் விரிவு. கவனியுங்கள், தைராய்டு சுரப்பது அதை அன்று. மூளையின் அடியில் மொச்சைக்கொட்டை அளவுக்குத் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி அதை அனுப்புகிறது. குழப்பம் முழுவதும் பிறப்பது இந்தப் பெயரில்தான். பெயரில் தைராய்டு இருப்பதால் சரக்கே அதுதான் என்று நினைத்துவிடுகிறோம். அது சரக்குக் கேட்டு வரும் உத்தரவு.

டி.எஸ்.எச். பெரிய மூலக்கூறு. செல்லைச் சுற்றியிருக்கும் கொழுப்புப் படலத்தை அதனால் தாண்ட முடியாது. ஆகவே வாசலிலேயே நிற்கிறது. அங்கே அதற்காகவே காத்திருக்கும் புரதம் ஏற்பி. படலத்தை ஏழு முறை உள்ளும் புறமுமாகத் தைத்த நூல்போல ஊடுருவி, ஒரு முனை வெளியிலும் மறுமுனை உள்ளேயுமாக இருக்கும். வெளிமுனையில் டி.எஸ்.எச். வந்து பொருந்தியதும் ஏற்பியின் உருவம் சற்றுத் திருகிக்கொள்கிறது. வாசல்காரர் திரும்பிக் கையசைப்பது அதுதான். சேதி கொண்டுவந்த ஹார்மோன் உள்ளே வரவில்லை. ஒரு திருகல் மட்டும் உள்ளே கடந்திருக்கிறது.

அந்தத் திருகலை உணர்வது படலத்தின் உட்புறம் ஒட்டியிருக்கும் ஜி புரதம். அது விழித்துக்கொண்டு பக்கத்திலுள்ள ஒரு நொதியைத் தட்டுகிறது. (நொதி என்பது வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம்.) அந்த நொதி சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் சின்னஞ்சிறு மூலக்கூறுகளைக் கொத்துக் கொத்தாகத் தயாரித்து விடுகிறது. இவைதான் ஓடும் பையன்கள். இவற்றுக்கு இரண்டாம் தூதுவர் என்று பெயர். இதைக் கண்டறிந்த ஏர்ல் சதர்லாந்துக்கு 1971-இல் நோபல் பரிசு கிடைத்தது. பையன்கள் போய் எழுப்பும் தவசிப்பிள்ளைதான் கைனேஸ், அதாவது மற்றப் புரதங்களின்மேல் பாஸ்பேட் என்னும் சிறு குறியை ஒட்டும் நொதி. குறி ஒட்டப்பட்ட புரதம் வேலையைத் தொடங்கும், அல்லது நிறுத்தும்.

இப்படி ஒன்று மற்றொன்றைத் தட்டிவிட்டுப் போகும் வரிசைக்குத்தான் சமிக்ஞைப் பாதை என்று பெயர். பாதை என்றதும் சாலைபோல ஏதோ நீண்டு கிடப்பதாக என் மாணவர்கள் படம் வரைவார்கள். கிடப்பது எதுவுமில்லை, கைமாறும் சேதி மட்டுமே.

எதற்கு இத்தனை இடைத்தரகர்கள்? இரண்டு காரணம். ஒன்று, பெருக்கம்: ஒரு நொதியே ஏராளமான தூதுவர்களை உண்டாக்கிவிடும். மற்றது, நிறுத்த வசதி. ஜி புரதம் சிறிது நேரத்தில் தானே அணைந்துவிடுகிறது, சைக்ளிக் ஏ.எம்.பி.யை அழிக்கவும் தனி நொதி உண்டு. பந்தி போடச் சொல்லும் ஏற்பாடு மட்டும் இருந்து, போதும் என்று சொல்லும் ஏற்பாடு இல்லாத கல்யாண வீட்டை நினைத்துப் பாருங்கள்.

சுருக்கமாக: டி.எஸ்.எச். என்பது பிட்யூட்டரியின் உத்தரவு. அது தைராய்டு செல்லின் வாசலிலேயே நின்றுவிடும். ஏற்பி, ஜி புரதம், சைக்ளிக் ஏ.எம்.பி., கைனேஸ் என்று சேதி மட்டும் உள்ளே கைமாறிப் போகிறது.

உள்ளே என்ன சமையல்?

உத்தரவு கிடைத்த செல் முதலில் அயோடினைத் திரட்டுகிறது. ரத்தத்தில் அயோடின் மிகக் குறைவு. தைராய்டு செல்லோ அதைப்போல 20 முதல் 40 மடங்கு செறிவாகச் சேர்த்து வைத்துக்கொள்ளும். ரத்தத்தை ஒட்டிய படலத்தில் அதற்கென ஒரு கடத்திப் புரதம் உண்டு. இரண்டு சோடியம் அயனிகள் உள்ளே வரும் வேகத்தில் ஓர் அயோடைடு அயனியையும் இழுத்துவந்துவிடும். இந்தக் கடத்தியை எத்தனை உருவாக்குவது, அவற்றைப் படலத்தில் நிறுத்துவதா என்பதை முடிவுசெய்வது டி.எஸ்.எச். பாதைதான்.

பிறகு தைரோகுளோபுலின் என்ற பெரும் புரதத்தின்மேல் அயோடின் ஏற்றப்படுகிறது. நான்கு அயோடின் அணுக்கள் கொண்டது டி4, மூன்று கொண்டது டி3. இவைதான் தைராய்டு சுரக்கும் சரக்கு. செல்கள் வட்டமாகச் சூழ்ந்து நின்று, நடுவிலுள்ள கூழில் இந்தச் சரக்கைப் பதுக்கி வைக்கின்றன. இரண்டு மூன்று மாதத்துக்குத் தாங்கும் இருப்பு. வேறெந்த ஹார்மோன் சுரப்பியும் இப்படி மூட்டை மூட்டையாகச் சேமிப்பதில்லை.

அயோடின் பேச்சு வந்ததால் உப்பைப் பற்றிக் கொஞ்சம். "நாம் தூத்துக்குடிக் கடலுப்புச் சாப்பிடுகிறவர்கள், நமக்கு அயோடின் தனியாக எதற்கு?" என்று கேட்காத ஆள் எங்கள் தெருவில் இல்லை. தூத்துக்குடி 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தோடு இருந்த ஊர். உப்பளத்துப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. அயோடினோ 60 மைக்ரோகிராம் அளவுதான். அத்தனையும் உப்பிலேயே தங்கினாலும் கிராமுக்கு 2 மைக்ரோகிராம்கூட வராது. பாத்தியில் காயும்போது அதுவும் முழுதாகத் தங்குவதில்லை. பெரியவர்களுக்கு ஒரு நாள் தேவை 150 மைக்ரோகிராம். அதனால்தான் பொட்டாசியம் அயோடேட்டைத் தனியாகத் தெளிக்கிறார்கள். வீட்டுக்கு வந்து சேரும் உப்பில் கிராமுக்குக் குறைந்தது 15 மைக்ரோகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. கல்லுப்பிலும் அயோடின் சேர்த்தது கிடைக்கிறது. வாங்கும் பையில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து, மூடிய பாத்திரத்தில் வைத்தால் போதும்.

முட்டுக்கட்டை எடுத்தால் தேர் நகரும்

டி4 ரத்தத்தில் கலந்து உடலெங்கும் போகிறது. அது கிட்டங்கிச் சரக்கு என்று வைத்துக்கொள்ளலாம். போய்ச்சேரும் இடங்களில் ஒரு நொதி அதிலிருந்து ஓர் அயோடினைக் கழற்றி டி3 ஆக்குகிறது. வேலை செய்வது டி3.

டி3 கேட்கப்படும் விதம் வேறு. இது சிறிய மூலக்கூறு; இதற்கென்றே படலத்தில் வாயில்கள் இருக்கின்றன. வாசலில் நின்று சேதி சொல்லாமல், நேரே செல்லின் உட்கருவுக்குள் போய்விடும். இதன் ஏற்பி அங்கே டி.என்.ஏ. மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. வடம் பிடித்து ஆயிரம் பேர் நின்றாலும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை இருக்கும்வரை தேர் நிலையை விட்டு அசையாது. கட்டையை உருவிவிட்டுப் பின்னாலிருந்து தடி போட்டு நெம்பினால் சக்கரம் உருளும். டி3 இல்லாதபோது அதன் ஏற்பி சும்மா இருப்பதில்லை. மரபணுவுக்கு முட்டுக்கட்டை போடும் துணைப் புரதங்களைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறது. டி3 வந்து பொருந்தியதும் அந்தத் துணைகள் விலகி, நெம்பித் தள்ளும் வேறு துணைகள் வந்து சேர்கின்றன. மரபணு படிக்கப்படுகிறது, புதிய புரதங்கள் உருவாகின்றன. இதயத் துடிப்பின் வேகம், உடல் சூடு, குடலின் அசைவு, குழந்தையின் மூளை வளர்ச்சி என்று பலவும் இந்தப் புரதங்களைச் சார்ந்தவை.

வாசல் சேதிக்கு வினாடிகளும் நிமிடங்களும் போதும். உட்கருச் சேதிக்கு மணிக்கணக்கு, நாள்கணக்கு ஆகும். இன்று மாத்திரை போட்டுவிட்டு நாளை உடம்பு இலேசாகவில்லையே என்று அலுத்துக்கொள்பவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சாட்சி தலைப்பிரட்டை. மழைக்குப் பிறகு வயல் வாய்க்காலில் கருப்புப் புள்ளிகளாக நீந்தும் தவளைக்குஞ்சு. 1912-இல் குடர்நாட்ச் என்ற ஆய்வாளர் தலைப்பிரட்டைகளுக்குக் குதிரையின் தைராய்டைத் தின்னக் கொடுத்தார். அவை காலத்துக்கு முன்பே குட்டித் தவளைகளாக மாறிவிட்டன. இதன் விந்தை ஹார்மோனில் இல்லை, கேட்பவரிடம் இருக்கிறது. அதே ஹார்மோன் வால் செல்லுக்குப் போனால் அது அழிந்து மறைகிறது. கால் மொட்டுக்குப் போனால் அது வளர்கிறது. எந்த மரபணுவின் சக்கரத்தடியில் கட்டை இருந்தது என்பதைப் பொறுத்தே விளைவு. "தைராய்டு ஹார்மோன் என்ன செய்யும்?" என்று ஒற்றை வரியில் கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லத் திணறுவது இதனால்தான்.

நாக்கின் அடியில் பிறந்தது

சரி, இந்த ஆக்குப்புரையைக் கட்டியது யார்? கருத்தரித்து ஏறக்குறைய 24-ஆம் நாள், கருவின் தொண்டைத் தரையில், பின்னால் நாக்கின் வேராகப்போகும் இடத்தில், சில செல்கள் தடிக்கத் தொடங்குகின்றன. அருகில்தான் இதயம் உருவாகும் திசு. அங்கிருந்து கசியும் வளர்ச்சிக் காரணிகள், அதாவது செல்லை வளரவோ உருமாறவோ தூண்டும் புரதங்கள், இவற்றுக்குச் சேதி சொல்கின்றன. அக்கம்பக்கத்தார் பேச்சைக் கேட்டு வளர்வது பிள்ளைகள் மட்டுமில்லை.

சேதி கிடைத்த செல்களில் நான்கு படியெடுப்புக் காரணிகள் வேலையைத் தொடங்குகின்றன. எந்த மரபணு படிக்கப்பட வேண்டும் என்று தீர்மானிக்கும் புரதங்களுக்கு அந்தப் பெயர். நான்கின் பெயர்களில் இரண்டை மட்டும் சொல்கிறேன்: என்.கே.எக்ஸ்.2-1, பாக்ஸ்8. முதலாவது நுரையீரலிலும் மூளையிலும் உண்டு, இரண்டாவது சிறுநீரகத்திலும் உண்டு. நான்கும் ஒரே செல்லில் கூடுவது தைராய்டில் மட்டுமே. கூட்டுதான் அடையாளம். 2012-இல் பிரஸ்ஸல்ஸ் ஆய்வாளர்கள் எலியின் கருமூலச் செல்களில், அதாவது எந்தத் திசுவாகவும் மாறக்கூடிய செல்களில், இந்த இரண்டை மட்டும் தூண்டிவிட்டு, பிறகு டி.எஸ்.எச். கொடுத்து, அயோடின் சேர்க்கும் தைராய்டுத் திசுவையே வளர்த்துக் காட்டினார்கள். தைராய்டு இல்லாத எலிக்கு அதைப் பொருத்தியபோது அது ஹார்மோனும் சுரந்தது.

பிறந்த இடத்திலிருந்து சுரப்பி மெல்லக் கீழே இறங்கி, ஏழாம் வாரத்தில் கழுத்தில் தன் இடத்தை அடைகிறது. இறங்கிய தடம் வழக்கமாக மறைந்துவிடும். சிலருக்கு மிச்சம் இருந்து கழுத்தின் நடுவில் நீர்க்கட்டியாக வரும். கழுத்துக் கட்டியோடு போகும் சிறுவனை "நாக்கை நீட்டு" என்று மருத்துவர் சொல்வது எதற்கென்று பெற்றோர் விழிப்பார்கள். நாக்கை நீட்டும்போது கட்டி மேலே ஏறினால் அது அந்தப் பழைய தடத்தைச் சேர்ந்தது. அபூர்வமாகச் சிலருக்குச் சுரப்பி இறங்காமல் நாக்கின் அடியிலேயே தங்கிவிடுவதும் உண்டு.

கருவின் தைராய்டு ஹார்மோன் தயாரிக்கத் தொடங்குவது 10 முதல் 12 வாரத்தில். அதுவரை குழந்தையின் மூளைக்குத் தேவையானதைத் தாய்தான் கொடுக்கிறாள். கர்ப்பம் உறுதியானவுடன் டி.எஸ்.எச். பார்க்கச் சொல்வது இதற்காக. அந்த மாதங்களில் அயோடின் தேவையும் நாளுக்கு 250 மைக்ரோகிராமாகக் கூடுகிறது.

இதுவரை வந்ததை இரண்டு வரியில் சொன்னால்: வாசல் சேதி சுரப்பியை வேலை வாங்குகிறது, உட்கருச் சேதி உடலை வேலை வாங்குகிறது. சுரப்பி உருவானதும் இதே போன்ற சேதிகளால்தான்.

மடை திறக்கச் சொல்லும் ஆள்

மதினிக்கு இவ்வளவையும் நான் சொல்லவில்லை. அவர் பிறந்த வீடு ஸ்ரீவைகுண்டம் வடகால் பாசனத்தில் கடைமடை. தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு அது; அதிலும் கடைமடை என்றால் தண்ணீர்க் கவலை கூடவே பிறந்தது. அதையே எடுத்துக்கொண்டேன்.

"வயலில் தண்ணீர் நிறைந்திருந்தால் மடையைத் திறக்கச் சொல்லி உங்கள் அப்பா ஆள் அனுப்புவாரா?"

"எதற்கு அனுப்புவார்?"

"தண்ணீர் வராவிட்டால்?"

"ஒரு ஆள் போவான். வராவிட்டால் இன்னொருவன். பிறகு அப்பாவே துண்டை உதறிக்கொண்டு கிளம்பிவிடுவார்."

டி.எஸ்.எச். என்பது அந்த ஆள். டி4 தண்ணீர். பிட்யூட்டரி எப்போதும் ரத்தத்திலுள்ள தைராய்டு ஹார்மோனை உணர்ந்துகொண்டே இருக்கிறது. போதுமானது இருந்தால் டி.எஸ்.எச். அனுப்புவதைக் குறைக்கும். இல்லையென்றால் மேலும் மேலும் அனுப்பும். விளைவே திரும்பி வந்து காரணத்தை அடக்கும் இந்த ஏற்பாட்டுக்கு எதிர்மறைப் பின்னூட்டம் என்று பெயர். பிட்யூட்டரிக்கும் மேலே ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதி ஒரு மேலதிகாரியாக இருக்கிறது. அதுவும் இந்தச் சுற்றில் சேர்ந்தது.

ஆகவே 11.2 என்பது தண்ணீர் அளவு அன்று. ஆள் எத்தனை தடவை வந்துபோனான் என்ற கணக்கு. பெரும்பாலான ஆய்வகங்களில் 0.4 முதல் 4 வரை இயல்பு. அதற்கு மேல் ஏறினால் மடை சரியாகத் திறக்கவில்லை என்று பொருள், அதாவது தைராய்டு குறைவாகச் சுரக்கிறது. டி.எஸ்.எச். மிகவும் தாழ்ந்திருந்தால் பெரும்பாலும் வயல் நிரம்பி வழிகிறது.

நேரே டி4-ஐ மட்டும் பார்த்தால் என்ன என்று கேட்கலாம். பார்க்கிறார்கள். ஆனால் டி4 இரண்டு மடங்கு மாறினால் டி.எஸ்.எச். ஏறக்குறைய நூறு மடங்கு மாறும். தண்ணீர் ஓர் அங்குலம் இறங்குவது கண்ணுக்குத் தெரிவதற்குள் ஆள் பத்துத் தடவை வந்துவிடுகிறான். பிட்யூட்டரியே பழுதாகிப்போனால் மட்டும் இந்தக் கணக்கு உதவாது. அனுப்ப ஆளே இல்லாத வீடு அது. அப்போது இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

பொய் உத்தரவுகள்

சேதி எங்கே முறிகிறது என்று பார்த்தால் நோய்களும் பிடிபடும். 1912-இல் ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் விவரித்த நோயில் உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே தைராய்டு செல்களைத் தாக்குகிறது. உத்தரவு வருகிறது, சமைக்க ஆளில்லை. கிரேவ்ஸ் நோயில் நிலைமை வேறு. அங்கே உடல் உண்டாக்கும் ஓர் எதிர்ப்புப் புரதம் டி.எஸ்.எச். ஏற்பியில் போய்ப் பொருந்திக்கொள்கிறது. தாய்மாமா போல வேடம் போட்ட ஒருவன் ஓயாமல் "பந்தி போடு, பந்தி போடு" என்று கத்துகிறான். பிட்யூட்டரி தன் ஆளை அடியோடு நிறுத்திவிட்டாலும் சமையல் நிற்பதில்லை. டி.எஸ்.எச். சுழியை ஒட்டிக் கிடக்க, டி4 ஏறிக்கொண்டே போகும்.

கர்ப்பத்தின் தொடக்கத்தில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோனுக்கும் டி.எஸ்.எச்.சின் சாயல் உண்டு. அதுவும் ஏற்பியை இலேசாகத் தட்டும். முதல் மூன்று மாதங்களில் டி.எஸ்.எச். சற்று இறங்குவது அதனால் இருக்கலாம்.

சில கட்டிகளில் ஏற்பியே கோளாறாகி, யாரும் வராமலே கையசைத்துக்கொண்டிருக்கும். தைராய்டுப் புற்றுநோய்களில் மிகப் பரவலான வகையில் பலவற்றில் கெட்டிருப்பது வேறொரு பாதை: செல்லைப் பெருகச் சொல்லும் பாதையில் உள்ள பிராஃப் என்ற கைனேஸ் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கிறது.

மதினி அன்று மாலையே மருத்துவரிடம் போனார். மாத்திரையைக் கொடுத்த அளவில் முழுதாகப் போடச் சொன்னார் மருத்துவர். அந்த மாத்திரையில் இருப்பதும் டி4தான். அதுவும் வெறும் வயிற்றில், தண்ணீரோடு; காபி அரைமணி நேரத்துக்குப் பிறகுதான். இந்தக் கடைசி நிபந்தனைதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. கால்சியம் மாத்திரையை நான்கு மணி நேரம் தள்ளிப் போடச் சொன்னதை அவர் பொருட்படுத்தவில்லை, காபிக்குத்தான் வருந்தினார். மறுபரிசோதனை ஆறு வாரம் கழித்து. ரத்தத்தில் டி4 பாதியாகக் குறையவே ஏழு நாள் ஆகும். அளவு நிலைகொள்ள ஐந்தாறு வாரம் வேண்டும், அதற்கு முன் பார்த்துப் பயனில்லை.

ஆறு வாரம் முடிந்து வந்த தாளைத் தொலைபேசியிலேயே படித்துக் காட்டினார். 3.6. அம்புக்குறி இல்லை.

"ஆள் வருவது குறைந்திருக்கிறது, இல்லையா தம்பி?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இனிமேல் காபியைக் கொஞ்சம் முன்னால் குடிக்கலாமா?" என்று கேட்டார்.